இரவில் வந்த எபிரேய ஆசிரியர்

பெத்லகேமில் அந்த ஆசிரியர் பகலில் வரமாட்டார். பரனினா என்ற யூதர் அவர். கிறிஸ்தவத் துறவி ஒருவருக்குத் தங்கள் மறைநூலின் மொழியைக் கற்பிப்பது ஊருக்குத் தெரிந்தால் சொந்த மக்களே சும்மா விடமாட்டார்கள் என்ற அச்சம். இருட்டிய பிறகே வருவார். மாணவருக்கு நாற்பதை ஒட்டிய வயது. பெரும் உழைப்பும் பணமும் செலவழித்து அந்தப் பாடத்தைப் பெற்றதாக அவரே பின்னாளில் எழுதினார். அவர்தான் புனித எரோணிமுஸ், ஜெரோம் என்றும் அழைக்கப்படுபவர். மேற்குத் திருச்சபை ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் வாசித்த இலத்தீன் விவிலியத்தில் பெரும்பகுதி அவர் கையால் உருவானது.

தல்மாத்தியா, பன்னோனியா மாநிலங்களின் எல்லையில் இருந்த ஸ்திரிதோன் என்ற சிற்றூரில் 347ஆம் ஆண்டுவாக்கில் பிறந்தவர். உரோமையில் தொனாத்துஸ் என்ற புகழ்பெற்ற இலக்கண ஆசிரியரிடம் படித்தார். பழைய இலத்தீன் எழுத்தாளர்களான சிசரோவும் வெர்ஜிலும் நாவில் ஊறிப்போனார்கள். அந்தியோக்கியாவில் நோயுற்றுக் கிடந்தபோது ஒரு கனவு: நீதி மேடை முன் நிறுத்தப்பட்டு, நீ கிறிஸ்துவின் ஆள் இல்லை, சிசரோவின் ஆள் என்று கண்டிக்கப்படுகிறார். அதன்பின் சிரியாவின் கால்கிஸ் பாலைநிலத்தில் தவ வாழ்வு. இளமை மனத்தின் கொந்தளிப்பை அடக்க அங்கே எபிரேயத்தைக் கையிலெடுத்தார். முதல் ஆசிரியர் கிறிஸ்தவராக மாறிய ஒரு யூதர். தொண்டையில் உரசும் ஒலிகளோடு போராடிச் சலித்துக் கைவிடுவார், மறுபடி தொடங்குவார். பின்பு அந்தியோக்கியாவில் ஆயர் பவுலினுஸிடம் குருப்பட்டம் பெற்றபோதும், துறவியாகவே வாழ்வேன் என்று நிபந்தனை வைத்தார்.

382இல் உரோமை திரும்பினார். திருத்தந்தை தமாசுஸ் அவரைச் செயலராக வைத்துக்கொண்டு, இலத்தீன் நற்செய்தி நூல்களைத் திருத்தச் சொன்னார். பிரதிக்கு ஒரு பாடம் என்று சிதைந்து கிடந்த நிலை அது. கிரேக்கப் பிரதிகளோடு ஒப்பிட்டு 384இல் வேலையை முடித்தார். அதே ஆண்டு டிசம்பரில் தமாசுஸ் இறந்தார். உரோமைக் குருக்களின் சொகுசு வாழ்வை எரோணிமுஸ் கடுமையாகச் சாடியிருந்ததால் எதிரிகளுக்குக் குறைவில்லை. அவருடைய வழிகாட்டுதலில் தவம் மேற்கொண்ட பிளேசில்லா என்ற இளம்பெண் இறந்ததும் பழி அவர்மேல் விழுந்தது. 385இல் நகரை விட்டுக் கிளம்பினார்.

பிளேசில்லாவின் தாய் பவுலாவும், இன்னொரு மகள் யூஸ்தோக்கியமும் அவரைத் தொடர்ந்து கிழக்கே வந்தார்கள். வரலாறு இந்தப் பெண்களுக்குச் சேரவேண்டிய இடத்தை இன்னும் கொடுக்கவில்லை. பெத்லகேமில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் எழுந்த மடங்கள் செல்வச் சீமாட்டி பவுலாவின் பணத்தில் கட்டப்பட்டவை. அவர் எபிரேயம் கற்று, இலத்தீன் வாடை இல்லாமல் திருப்பாடல்களை அம்மொழியிலேயே பாடினார் என்று எரோணிமுஸ் வியந்து பதிவுசெய்கிறார். மொழிபெயர்ப்புகளும் உரைகளும் பல, இவ்விருவரும் கேட்டுத் தூண்டியதால் எழுந்தவை; அவர்களுக்கே காணிக்கையாக்கப்பட்டவை. 404இல் பவுலா இறந்தபோது மகளுக்கு மிஞ்சியது கடன்.

390 முதல் 405 வரை பழைய ஏற்பாட்டை எபிரேயத்திலிருந்தே பெயர்த்தார். யோபு நூலின் சிக்கல் தீர, லித்தா ஊரிலிருந்து ஓர் ஆசிரியரைக் கூலி கொடுத்து வரவழைத்தார். தோபித்து நூல் அரமேயத்தில் கிடைத்தது. இருமொழியும் அறிந்த ஒருவர் அதை எபிரேயத்தில் சொல்லச் சொல்ல, எரோணிமுஸ் இலத்தீனில் சொல்ல, எழுத்தர் எழுத, ஒரே நாளில் முடிந்தது.

எதிர்ப்பு கடுமையாக இருந்தது. எழுபதின்மர் செய்ததாக மரபு கூறும் பழைய ஏற்பாட்டின் கிரேக்கப் பெயர்ப்பே இறைஏவுதல் பெற்றது என்று பலர் நம்பிய காலம். இன்றைய திரிப்போலியான ஒயாவில், இறைவாக்கினர் யோனாவுக்கு நிழல் தந்த செடிக்கு எரோணிமுஸ் இட்ட புதிய பெயரை வாசித்ததும் கோவிலில் கலவரம் மூண்டது. அவ்வூர் ஆயர் தம் மக்களையே இழக்கும் நிலைக்குப் போனார் என்று, ஹிப்போவின் ஆயர் அகுஸ்தீனார் 403இல் எரோணிமுஸுக்குக் கடிதம் எழுதினார். மக்கள் தலைமுறைகளாகக் கேட்டது சுரைக்கொடி; எரோணிமுஸ் போட்டது வேறொரு கொடி. ஆனால் அகன்ற இலையோடு தன் தண்டிலேயே நிற்கும், விரைந்து வளரும் பாலஸ்தீனச் செடியே மூலத்தில் உள்ளது, அதற்கு இலத்தீனில் பெயர் இல்லை என்று தம் உரையில் துல்லியமாக விவரித்திருந்தார். தமிழ் விவிலியத்தில் அது ஆமணக்கு. அவர் வருணனைக்கு அதுதான் பொருந்துகிறது.

அவர் சினம் சிறியதல்ல. முற்கால இறையியலாளர் ஒரிஜெனின் கருத்துகள் பற்றிய சர்ச்சையில் எதிரியாகிவிட்ட இளமைத் தோழர் ருஃபினுஸை, அவர் இறந்த பிறகும்கூட இகழ்ந்து எழுதினார். அது அவர் வாழ்வின் வருத்தமான பக்கம். ஆனால் கேள்வி என்று வந்தால், திருச்சபையின் பெருமக்கள் ஒதுக்கிய யூத ஆசிரியர்களிடம் போய் உட்காரத் தயங்காதவரும் அவரே.

முதுமையில் பார்வை மங்கி, இரவு விளக்கில் எபிரேய எழுத்துகளைப் படிக்க முடியாமல் போனது. 410இல் உரோமை சூறையாடப்பட்ட செய்தி எசேக்கியேல் உரைப்பணியையே நிறுத்தியது. 416இல் ஒரு கும்பல் மடங்களைத் தாக்கித் தீவைத்தது. எரேமியா உரை முடியாமலே 420 செப்டம்பர் 30இல் இறந்தார் என்பது மரபு.

அவர் பெயர்ப்பு ஒரே நாளில் அரியணை ஏறிவிடவில்லை. பழைய இலத்தீன் பிரதிகளோடு நூற்றாண்டுக்கணக்கில் அருகருகே வாழ்ந்தது. 1455வாக்கில் கூட்டன்பர்க் அச்சிட்டது, வுல்காத்தா என்று பெயர்பெற்ற இந்த இலத்தீன் விவிலியத்தைத்தான். திரெந்து பொதுச்சங்கம் 1546இல் அதை அதிகாரபூர்வமானதாக அறிவித்தது. ஆனாலும் அதிலுள்ள திருப்பாடல்கள், அவர் எபிரேயத்திலிருந்து பெயர்த்தவை அல்ல. கிரேக்க வழியில் முன்னதாகத் திருத்தியவை. மக்கள் பாடிப் பழகிவிட்ட பாடலை அவராலும் மாற்ற முடியவில்லை.