பெயரில் மட்டும் எஞ்சியிருக்கும் பியர்த் தோட்டம்

ஐக்கிய அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்திலுள்ள டம்பா நகரில் 'புஷ் கார்டன்ஸ்' 1959 மார்ச் 31இல் திறக்கப்பட்டபோது நுழைவுக் கட்டணம் இருக்கவில்லை. அங்கிருந்த தனது பியர் தொழிற்சாலைக்கு ஆட்களை ஈர்ப்பதற்காகவே அன்ஹைசர்-புஷ் நிறுவனம் இதனை அமைத்தது. தொழிற்சாலையைச் சுற்றிப் பார்த்தவர்கள், மரநிழலில் பறவைகளை ரசித்தபடி இலவசமாகப் பியர் அருந்தினர். எல்லாம் விளம்பரத்துக்குத்தான். என்றாலும், கையில் காசில்லாத குடும்பமும் ஒரு மாலைப்பொழுதை அங்கே கழிக்க முடிந்தது.

1965இல் ஆபிரிக்க விலங்குகள் உலவும் 'செரெங்கெட்டி சமவெளி' சேர்க்கப்பட்டது. பின்னர் ரோலர் கோஸ்டர்கள் வந்தன, கட்டணமும் வந்தது. 1995இல் தொழிற்சாலை மூடப்பட்டது. 2008இல் அன்ஹைசர்-புஷ்ஷை வாங்கிய இன்பெவ், மறுவருடமே அதன் பூங்காக்களை பிளாக்ஸ்டோன் முதலீட்டு நிறுவனத்துக்கு விற்றது. வாயிற்பலகையில் பியர் முதலாளியின் குடும்பப் பெயர் மட்டும் இன்னும் இருக்கிறது.