உறைக்குள் மறையும் துரு

பரமத்தி வேலூர் வட்டாரத்து வெல்ல ஆலைகளில் கரும்புப்பால் கொதிக்கும் கொப்பரை அரித்துப்போனால் கண்ணுக்குத் தெரிந்துவிடும். நீராவிக் குழாய்கள் வந்தபின் அந்த வசதி போனது. மோகனூர்க் கூட்டுறவுச் சர்க்கரை ஆலையும், காவிரிக்கு அக்கரையில் கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்ய 1979இல் நிறுவப்பட்டு 1984இல் உற்பத்தியைத் தொடங்கிய புகளூர்க் காகித ஆலையும் நீராவியை நம்பி நடப்பவை. இத்தகைய ஆலைகளில் வெப்பம் வீணாகாமலிருக்கக் குழாய்மேல் கனிமக் கம்பளி சுற்றி, அலுமினியத் தகடு போர்த்துவார்கள். தகடு பளபளவென்றிருக்கும், உள்ளே எஃகு கரைந்துகொண்டிருக்கலாம்.

தகட்டு இணைப்பின் இடுக்கில் புகும் மழைநீரே காரணம். சுமார் 175 டிகிரி செல்சியசுக்கு மேல் இடைவிடாது சூடாயிருக்கும் குழாயில் நீர் தங்காது. சூடாகி ஆறி, ஆறிச் சூடாகும் குழாய்க்குத்தான் ஆபத்து அதிகம். அரவைப் பருவம் முடிந்து மாதக்கணக்கில் குளிர்ந்து கிடக்கும் சர்க்கரை ஆலைக் குழாய்கள் இந்த வகையில் சேரும்.

முன்பு சுத்தியலால் தட்டி ஓசை கேட்டார்கள். ஐயம் வந்த இடத்தில் துளையிட்டு அளந்தார்கள். செவிக்கு எட்டாத ஒலியை உலோகத்துக்குள் செலுத்திக் குறை காணலாம் என்று சோவியத் அறிஞர் செர்கெய் சோகோலோவ் 1928இல் முன்மொழிந்தார். எதிரொலியைக் கொண்டு அளக்கும் கருவிக்கு அமெரிக்காவின் ஃபிளாய்ட் ஃபயர்ஸ்டோன் 1940இல் காப்புரிமை கோரினார். இன்றைய தடிமன்மானியும் அந்த வழியில் வந்ததே. எஃகில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 5,900 மீட்டர் ஓடும். 10 மில்லிமீட்டர்ச் சுவரின் மறுபக்கம் தொட்டுத் திரும்ப, நொடியின் பத்து லட்சத்தில் 3.4 பங்கு நேரமே ஆகும். சுவர் மெலிந்தால் நேரமும் குறையும்.

ஆனால் ஒலியைச் செலுத்தும் முனை எஃகைத் தொட்டாக வேண்டும். அதற்காக உறையில் சன்னல் வெட்டினால், சரியாக மூடாத சன்னலே அடுத்த மழைக்கு வழியாகும். மேலும், ஓரிடத்து அளவு ஒரு சாண் தள்ளியுள்ள பள்ளத்தைச் சொல்லாது.

1990களில் இலண்டன் இம்பீரியல் கல்லூரியில் வளர்ந்த வழிப்படுத்திய அலை முறை இதற்கு விடை தந்தது. ஓரிடத்தில் மட்டும் உறையை அகற்றி, குழாயைச் சுற்றி வளையமாக உணரிகளைப் பொருத்தினால், தாழ்ந்த அதிர்வெண் அலை குழாய்ச்சுவர் வழியே பல மீட்டர் ஓடி, துரு உள்ள இடத்தில் எதிரொலிக்கும். சென்னை ஐ.ஐ.டி.யிலும் இத்தகைய அலைகள்பற்றிய ஆய்வு நடக்கிறது. வளைவையும் குழாய்களை இணைக்கும் ஃபிளாஞ்சையும் தாண்டும்போது அலை குழம்புகிறது. சிறு பள்ளம் தப்பிவிடும். எஞ்சிய தடிமனைத் துல்லியமாகச் சொல்லாது. ஆகவே அது காட்டும் இடத்தில் உறையைப் பிரித்து, பழைய தடிமன்மானியை வைத்தே அளந்து முடிவெடுக்கிறார்கள்.