மதத்துக்கு ஓர் அணி: ஒரு கிரிக்கெட் புத்தகமும் வாசகர் வாதமும்

கோல்ஃப் ரசிகர்களுக்கு ரைடர் கோப்பை என்றால் தனி மயக்கம். 1927-ல் அமெரிக்காவுக்கும் பிரிட்டனுக்கும் இடையே தொடங்கிய அந்த அணிப் போட்டியைப் பற்றி நிறையப் புத்தகங்கள் வந்திருக்கின்றன. எதைப் படித்தாலும் ஒரு கேள்வி வந்து நிற்கும். இப்படிப்பட்ட போட்டி விளையாட்டை வளர்க்கிறதா, பகையை வளர்க்கிறதா?

இதே கேள்வியை நம் நாட்டில் கிளப்பிய புத்தகம் ஒன்று உண்டு. வரலாற்றாசிரியர் ராமச்சந்திர குஹா 2002-ல் வெளியிட்ட 'எ கார்னர் ஆஃப் எ ஃபாரின் ஃபீல்ட்'. கோல்ஃப் அல்ல, கிரிக்கெட். பம்பாயில் மதவாரியாக அணி பிரித்து ஆடிய போட்டிதான் அதன் மையம்.

எப்படி வளர்ந்தது?

முதலில் ஐரோப்பியரும் பார்சிகளும் மோதினார்கள். 1907-ல் இந்துக்கள் சேர்ந்தார்கள், மும்முனைப் போட்டி ஆனது. 1912-ல் முஸ்லிம்கள் வந்தார்கள், நான்கு முனை. 1937-ல் 'மற்றவர்கள்' என்று ஐந்தாவது அணி. இந்தியக் கிறிஸ்தவர்கள் போன்றவர்களுக்கான அணி அது. ரஞ்சிக் கோப்பை 1934-லேயே தொடங்கிவிட்டது. ஆனாலும் கூட்டம் என்னவோ இந்தப் பம்பாய்ப் போட்டிக்குத்தான்.

மத அடிப்படையில் அணியா? இது தேசத்தைப் பிரிக்கும் வேலை இல்லையா? புத்தகத்தைக் கையில் எடுக்கும் எந்த வாசகருக்கும் முதலில் தோன்றுவது இதுதான். குஹாவின் பலம் என்னவென்றால், இதற்கு ஆம், இல்லை என்று ஒற்றை வரியில் பதில் சொல்ல விடமாட்டார்.

பாலுவின் கதை

புத்தகத்தை மூடிய பிறகும் மனதில் நிற்பவர் பல்வங்கர் பாலு. 'லகான்' படத்தில் கச்ராவைப் பார்த்தவர்களுக்கு இவர் கதை சட்டென்று பிடிபடும். சமார் சாதியில் பிறந்தவர். புனேயில் வெள்ளைக்காரர்களின் கிளப்பில் மைதான வேலை பார்த்தபடியே வலைப்பயிற்சியில் பந்து போட்டார். அபாரமான இடதுகை சுழற்பந்து வீச்சாளர். அவர் இல்லாமல் ஐரோப்பியரை ஜெயிக்க முடியாது என்று புனே இந்துக்களுக்குத் தெரியும். அதனால் அணியில் சேர்த்துக்கொண்டார்கள். மைதானத்தில் அவர் தொட்ட பந்தைத் தொட்டார்கள். ஆனால் தேநீர் இடைவேளையில் அவருக்கு மட்டும் வெளியே தனி மண்குவளை.

1906-ல் பம்பாயில் இந்துக்கள் ஐரோப்பியரை 109 ரன் வித்தியாசத்தில் தோற்கடித்தார்கள். 1911-ல் இங்கிலாந்து சென்ற இந்திய அணியில் பாலு மட்டும் நூறு விக்கெட்டுக்கு மேல் எடுத்தார். இருந்தும் இந்து அணியின் கேப்டன் பதவி அவருக்குக் கிடைக்கவில்லை. 1920-ல் இந்த அநியாயத்தை எதிர்த்து அவருடைய தம்பிகள் அணியிலிருந்து விலகிய பிறகுதான் அவரைத் துணை கேப்டன் ஆக்கினார்கள். தம்பி விட்டல் 1923-ல் கேப்டனாகி ஐரோப்பியரை வென்று காட்டினார்.

இங்கேதான் வாதம் சூடாகிறது. மதத்தின் பெயரால் நடந்த போட்டிதான், ஜெயிக்க வேண்டும் என்ற வெறியில், சாதிக் கதவைக் கொஞ்சம் திறந்தது என்று ஒரு வாசகர் சொல்லலாம். திறமை இருந்தவனுக்கு மட்டும்தானே திறந்தது, திறமை இல்லாத ஆயிரம் பேருக்கு மண்குவளை அப்படியேதானே இருந்தது என்று இன்னொருவர் கேட்கலாம். இரண்டுமே உண்மை.

காந்தியும் ஹசாரேயும்

1940 டிசம்பரில் இந்து ஜிம்கானாவின் பிரதிநிதிகள் காந்தியைச் சந்தித்துக் கருத்துக் கேட்டார்கள். ஐரோப்பாவில் போர், இங்கே தலைவர்கள் சிறையில். இந்த நேரத்தில் கேளிக்கை எதற்கு என்றார் காந்தி. கல்லூரிக்குக் கல்லூரி மோதினால் புரிகிறது, மதத்துக்கு மதம் ஏன் மோத வேண்டும் என்றும் கேட்டார். 'பாம்பே கிரானிக்கிள்' பத்திரிகையும் போட்டிக்கு எதிராக எழுதிவந்தது. ஆதரவாளர்கள் விடவில்லை. ரசிகர்கள் சண்டை போடாமல் ஒன்றாக உட்கார்ந்துதானே பார்க்கிறார்கள் என்றார்கள்.

அதுவும் பொய்யில்லை. 1944-ல் இந்து, முஸ்லிம் அணிகள் மோதிய இறுதி ஆட்டத்தில் முஸ்லிம்கள் ஒரே ஒரு விக்கெட்டில் வென்றார்கள். கே.சி. இப்ராஹிம் கடைசி வரை அவுட் ஆகாமல் நின்றார். நாடு பிரிவினையை நோக்கிப் போய்க்கொண்டிருந்த காலம் அது. ஆனால் மைதானத்தில் கலவரம் இல்லை.

1943-ல் நடந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கிறிஸ்தவரான விஜய் ஹசாரே 'மற்றவர்கள்' அணிக்கு ஆடினார். இந்துக்களுக்கு எதிராக ஃபாலோ ஆன் ஆகி எடுத்த 387 ரன்னில் 309 அவருடையது! அப்படிப்பட்டவருக்குப் பம்பாய் வைத்திருந்த பெயர் 'மற்றவர்'. 1946-ல் அந்தப் போட்டி முடிவுக்கு வந்தது.

சென்னையில் வேறு கோடு

தமிழ்நாட்டு வாசகருக்கு இந்தப் புத்தகத்தில் ஒரு மனக்குறை இருக்கும். வெளிச்சம் முழுக்கப் பம்பாய் மேல்தான். சென்னையிலும் இப்படி ஒரு போட்டி இருந்தது. சேப்பாக்கத்தில் மெட்ராஸ் கிரிக்கெட் கிளப் வெள்ளைக்காரர்களுக்கானது. இந்தியர்களும் ஆட வேண்டும் என்று 1888-ல் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கினார் புச்சி பாபு நாயுடு. ஐரோப்பியர், இந்தியர் மோதும் ஆட்டத்துக்கு 1908-ல் ஏற்பாடு செய்தவரும் அவரே. ஆட்டம் நடப்பதற்குச் சில நாள் முன்பு இறந்துபோனார். 1915-16 முதல் அது பொங்கலை ஒட்டி நடக்கும் வருடாந்திர ஆட்டம் ஆனது. 1952 வரை நீடித்தது.

கவனிக்க வேண்டியது இதுதான். சென்னையில் இந்தியர்கள் எல்லோரும் ஒரே அணி. எம்.ஜே. கோபாலனும் சீக்கியரான ஏ.ஜி. ராம்சிங்கும் ஒரே பக்கம். இங்கே கோடு நிறத்தில் போடப்பட்டது, மதத்தில் அல்ல. வெள்ளைக்காரர்கள் போன பிறகு அந்தக் கோட்டுக்கு அர்த்தம் இல்லை, ஆட்டமும் தானாக நின்றது.

ரைடர் கோப்பையிலும் கோடு மாறியது. பிரிட்டனும் அயர்லாந்தும் தோற்றுக்கொண்டே இருந்ததால், 1979-ல் ஐரோப்பா முழுவதையும் ஒரே அணியாக்கினார்கள். ஸ்பெயின்காரரும் ஆங்கிலேயரும் ஒரே சட்டை போட்டார்கள். போட்டிக்குப் புது உயிர் வந்தது.

ஆகவே, பகையை வளர்ப்பது போட்டியா என்று கேட்பதைவிட, அணிகளைப் பிரிக்கும் கோட்டை யார் போட்டார்கள், அதற்கு வெளியே யார் நின்றார்கள் என்று கேட்பது நல்லது. பாலு கோட்டுக்கு உள்ளேதான் இருந்தார், தேநீருக்கு மட்டும் வெளியே. இந்தப் பக்கங்களுக்காகவே குஹாவின் புத்தகத்தை ஒருமுறை படிக்கலாம். கிரிக்கெட் பிடிக்காதவர்களும்தான்.