துறைப் பிணைப்பு: தருமபுரி மாவட்டத்தில் மின்சாரம், நீர், வெப்பம், போக்குவரத்து

துறைப் பிணைப்பு என்பது வெயிலும் காற்றும் தரும் மின்சாரம் வீணாகாதபடி மின்சாரம், நீர் வழங்கல், வெப்பம், போக்குவரத்து ஆகிய துறைகளை ஒன்றோடொன்று இணைத்து இயக்கும் முறை. மின்சாரம் மிகும் நேரத்தில் நீரை மேலே ஏற்றிவைப்பது, தண்ணீரைச் சூடாக்கிவைப்பது, வண்டிகளுக்குச் சார்ஜ் போடுவது ஆகியவை இதன் அடிப்படைச் செயல்கள். மேட்டு நிலமும் வறட்சியும் கொண்ட தருமபுரி மாவட்டத்தில், நீரேற்றமே இதற்கான முதல் வாய்ப்பு.

அடிப்படை

சூரிய மின்சாரம் நண்பகலில் உச்சம் தொடுகிறது. வீடுகளின் தேவை விளக்கேற்றும் நேரத்துக்குப் பிறகு ஏறுகிறது. இந்த இடைவெளியை மின்கலன்களால் நிரப்பலாம், ஆனால் செலவு அதிகம். சில வேலைகளுக்கோ நேரக் கட்டாயம் இல்லை. பகல் ஒரு மணிக்கு நிரப்பிய தொட்டியும் இரவு ஒன்பதுக்கு நிரப்பிய தொட்டியும் மறுநாள் காலையில் ஒரே தண்ணீரைத்தான் தருகின்றன. இத்தகைய வேலைகளை மின்சாரம் மலிந்த நேரத்துக்கு மாற்றுவதே துறைப் பிணைப்பின் உயிர்நாடி.

ஜெர்மனியின் எரிசக்தி விவாதங்களில் இக்கருத்து தனிப் பெயர் பெற்றது. டென்மார்க்கில் காற்று பலமாக வீசும் நேரங்களில் பெரிய மின்கொதிகலன்கள் தண்ணீரைச் சூடாக்குகின்றன. அது தொட்டிகளில் தேக்கப்பட்டு, குழாய் வழியாக நகர வீடுகளுக்குச் செல்கிறது.

தமிழ்நாட்டுப் பின்னணி

தமிழ்நாட்டின் காற்றாலைகள் மே முதல் செப்டம்பர் வரையிலான தென்மேற்குப் பருவக்காற்றில் அதிக மின்சாரம் தருகின்றன. அந்தச் சீசனிலேயே, மின்வலையமைப்பு ஏற்க முடியாத வேளைகளில் காற்றாலைகளின் உற்பத்தியைக் குறைக்கச் சொன்னதும் உண்டு. மறுபுறம், 2024 மே 2 அன்று மாநிலத்தின் மின்தேவை 20,830 மெகாவாட் என்ற உச்சத்தை எட்டியது. ஒரு வேளையில் மிச்சமும் இன்னொரு வேளையில் நெருக்கடியுமாக இருப்பதே சிக்கலின் சாரம்.

நீரை உயரத்தில் வைத்து மின்சாரத்தைச் சேமிக்கும் வழி மாநிலத்துக்குப் புதிதல்ல. கோவை மாவட்டத்தின் காடம்பாறையில் 400 மெகாவாட் நீரேற்று மின்நிலையம் 1980-களின் பிற்பகுதியிலிருந்து இயங்குகிறது. தேவை குறைந்த நேரத்தில் கீழ் நீர்த்தேக்கத்திலிருந்து மேல் நீர்த்தேக்கத்துக்கு நீர் ஏற்றப்படுகிறது. உச்ச நேரத்தில் அதே நீர் இறங்கி மின்சாரம் தருகிறது.

தருமபுரி: குடிநீரேற்றம்

1965-இல் சேலத்திலிருந்து பிரிந்து உருவான தருமபுரி மாவட்டத்தில் 2011 கணக்கெடுப்பின்படி சுமார் 15 லட்சம் பேர் வாழ்ந்தனர். அவர்களில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவானவர்களே நகரவாசிகள். ஆகவே இங்கு ஒரு நகரத்தின் எரிசக்தித் திட்டத்தைச் சுற்றியுள்ள கிராமங்களிலிருந்து பிரிக்க முடியாது. குடிநீரிலேயே அது தெரிகிறது.

நிலத்தடிப் பாறைகளிலிருந்து கரையும் புளோரைடு, தலைமுறைகளாக இம்மக்களின் பற்களையும் எலும்புகளையும் பாதித்தது. அதற்குத் தீர்வாக ஜப்பான் நிதியுதவியுடன் அமைந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2008-இல் தொடங்கப்பட்டு 2013-இல் பயன்பாட்டுக்கு வந்தது. காவிரி நீர் யானைப்பள்ளத்தில் சுத்திகரிக்கப்பட்டு, தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நகரங்களுக்கும் கிராமங்களுக்கும் ஏற்றப்படுகிறது.

பத்து லட்சம் லிட்டர் நீரை 200 மீட்டர் உயரத்துக்கு ஏற்ற 545 யூனிட் ஆற்றல் வேண்டும். பம்பும் மோட்டாரும் சேர்ந்து 70 விழுக்காட்டுத் திறனில் இயங்கினால் அது சுமார் 780 யூனிட் ஆகிறது. குழாய் உராய்வு தனி. இந்தச் செலவைத் தவிர்க்க முடியாது, அது நிகழும் நேரத்தை மாற்ற முடியும்.

கூட்டுக் குடிநீர்த் திட்டங்கள் பொதுவாக நாளில் 20 மணி நேரத்துக்கு மேல் பம்புகள் ஓடும் கணக்கில் கட்டப்படுகின்றன. எனவே முழு வேலையையும் பகலுக்குத் தள்ள இயலாது. இடைநிலைத் தொட்டிகளைப் பெரிதாக்கி மாலை உச்ச நேரத்தில் மட்டும் பம்புகளை நிறுத்துவது நடைமுறைக்கு ஏற்றது. ஊராட்சிகளின் மேல்நிலைத் தொட்டிகளுக்கு இது இன்னும் எளிது. டேங்க் ஆபரேட்டர் மோட்டார் போடும் நேரத்தை நண்பகலுக்கு மாற்றினாலே ஒரு தொடக்கம் அமைந்துவிடும்.

பாசனம்

தமிழ்நாட்டில் 1990 முதல் விவசாயிகள் அனைவருக்கும் பம்புசெட் மின்சாரம் இலவசம். மும்முனை மின்சாரம் முறை வைத்து வழங்கப்பட்ட காலங்களில், நள்ளிரவில் வயலுக்குப் போய் மோட்டார் போட்டவர்கள் ஏராளம். பாம்புக்கடிக்கும் மின்கசிவுக்கும் அஞ்சிச் செய்த வேலை அது. 2019-இல் தொடங்கிய பி.எம். குசும் திட்டம், பம்புசெட்டுகளுக்கும் அவற்றுக்கான தனி மின்பாதைகளுக்கும் சூரிய மின்சாரம் தர வழிசெய்கிறது. பகல் பாசனம் மின்வலையமைப்புக்கு மட்டுமின்றி, உழவரின் உயிருக்கும் உறக்கத்துக்கும் நல்லது. ஆயினும் செலவில்லாத மின்சாரம் ஆழ்துளைக் கிணறுகளை மேலும் வற்றச் செய்யக்கூடும். சொட்டுநீர்ப் பாசனத்தையும் சேர்த்தால்தான் இப்பிணைப்பு நிலைக்கும்.

வெப்பம்

தருமபுரி நகரில் பெரிய பட்டுக்கூடு அங்காடி உள்ளது. பட்டு நூற்பில் கூடுகளைக் கொதிநீரில் வேகவைத்துப் பசையை இளக்கி, பிறகு வெதுவெதுப்பான நீரில் இட்டு இழை பிரிக்கிறார்கள். கொதிகலனுக்கு விறகு எரிப்பதே பரவலான வழக்கம். கொதிகலனுக்குள் செல்லும் நீரைச் சூரிய வெப்பத்தாலோ வெப்பப் பம்பாலோ முன்கூட்டியே சூடாக்கினால் விறகும் புகையும் குறையும். வெப்பப் பம்பு ஒரு யூனிட் மின்சாரத்துக்கு இரண்டு முதல் நான்கு யூனிட் வரை வெப்பம் தரும்.

மரவள்ளிக்கிழங்கு விளையும் இப்பகுதியில் சேகோ ஆலைகளின் கழிவுநீர் இன்னொரு வாய்ப்பு. மாவு கழுவிய நீரை மூடிய தொட்டியில் நொதிக்கவிட்டால் மீத்தேன் கிடைக்கிறது. சேலம் வட்டாரத்தில் பல ஆலைகள் இதை எரிபொருளாகப் பயன்படுத்துகின்றன. தேக்கிவைத்த வாயுவைச் சூரியன் மறைந்த பின் மின்சாரமாக்கலாம்.

போக்குவரத்து

2004 வரை தருமபுரியோடு இருந்த கிருஷ்ணகிரி மாவட்டம் இன்று மின்ஸ்கூட்டர் உற்பத்தியின் மையம். ஓலா, ஏதர், டி.வி.எஸ். ஆலைகள் அங்கு உள்ளன. தருமபுரியிலும் மின்வண்டிகள் பெருகும்போது, மாலையில் வீடு திரும்பியதும் போடும் சார்ஜ் அந்நேர உச்சத்தைக் கூட்டும். அலுவலகம், கல்லூரி, பேருந்து நிலையம் ஆகிய இடங்களில் பகல் சார்ஜ் வசதி அமைந்தால் அதுவே சூரிய மின்சாரத்தின் வடிகாலாகும்.

தடைகளும் தேவைகளும்

நேரத்துக்கு ஏற்ற கட்டணமே முதல் தேவை. 2023-இல் திருத்தப்பட்ட மத்திய விதிகள், வேளாண்மை நீங்கலான நுகர்வோருக்குச் சூரிய ஒளி நேரத்தில் குறைந்த கட்டணத்தையும் உச்ச நேரத்தில் கூடுதல் கட்டணத்தையும் முன்வைக்கின்றன. இதற்கு நேரவாரியாகக் கணக்கிடும் மீட்டர்கள் வேண்டும்.

நிர்வாகப் பிரிவினை அடுத்த தடை. குடிநீர் வாரியம், மின்பகிர்மானக் கழகம், ஊராட்சிகள், பட்டு வளர்ச்சித் துறை ஆகியவை தத்தம் கணக்கில் திட்டமிடுகின்றன. பம்பு எந்த நேரத்தில் ஓட வேண்டும் என்பதைக் குடிநீர் வாரியமும் மின்கழகமும் சேர்ந்து முடிவு செய்து, மிச்சமாகும் செலவில் இரு தரப்புக்கும் பங்கு வகுத்தால் மாவட்டத்தில் துறைப் பிணைப்பு அங்கிருந்தே தொடங்கலாம்.