வழிபாடாய்க் கலை கற்பித்த ஆசான் நந்தலால் போஸ்

நந்தலால் போஸ் (1882–1966) ஓவியம் வரைவதையும் அதைக் கற்பிப்பதையும் இறைத்தொண்டாகவே கருதி வாழ்ந்தவர். பீகாரின் முங்கேர் மாவட்டத்துக் கரக்பூரில், தர்பங்கா சமஸ்தானப் பணியிலிருந்த வங்காளி ஒருவரின் மகனாகப் பிறந்தார். துர்க்கா பூசைக்குக் களிமண்ணில் திருவுருவம் செய்யும் கைவினைஞர்களைப் பார்த்து வளர்ந்ததே அவருக்கு முதற்பாடம். 1905இல் கல்கத்தா அரசு கலைப்பள்ளியில் சேர்ந்து அவனீந்திரநாத் தாகூரின் மாணவரானார். இந்திய மாணவர்க்கு இந்திய மரபே அடித்தளமாக வேண்டும் என்று வாதிட்ட ஈ. பி. ஹாவெல் அங்கு முதல்வராக இருந்தார். முன்னர் சென்னைக் கலைப்பள்ளியை நடத்தியவரும் அவரே.

நிவேதிதை காட்டிய வழி

ஸ்ரீராமகிருஷ்ணரிடம் நந்தலால் கொண்ட பக்திக்கும் அவருடைய கலைக்கும் பாலமாக அமைந்தவர் சுவாமி விவேகானந்தரின் சீடரான சகோதரி நிவேதிதை. இளைஞர் வரைந்த காளியைக் கண்டு, தேவிக்கு ஆடை மிகுந்துவிட்டது என்று நிவேதிதை குறை சொன்னார். சுவாமி விவேகானந்தர் காளியைப் பற்றி எழுதிய கவிதையைப் படிக்கும்படியும் பணித்தார். தியானத்தில் தெளியாத உருவம் தாளிலும் தெளியாது என்பதே அந்தக் கண்டிப்பின் பொருள். 1909இல் ஆங்கில ஓவியர் லேடி ஹெரிங்ஹாம் அஜந்தா ஓவியங்களைப் படியெடுக்க வந்தபோது, நந்தலாலும் அங்கே சென்று பணிபுரியத் தூண்டியவரும் நிவேதிதையே. குகைச் சுவர்களில் கண்ட கோட்டின் உறுதி பிற்காலத்தில் அவருடைய கற்பித்தலுக்கு அடிப்படையாயிற்று.

சாத்திர மரபு

விஷ்ணுதர்மோத்தர புராணத்தில் ஓர் உரையாடல் வருகிறது. திருவுருவம் சமைக்கும் இலக்கணத்தைக் கேட்கும் வஜ்ர மன்னனுக்கு மார்க்கண்டேயர் உடனே அதை உரைப்பதில்லை. சித்திரம் அறியாமல் சிற்பம் அறிய இயலாது, சித்திரத்துக்கு நடனமும், நடனத்துக்கு வாத்தியமும், வாத்தியத்துக்குப் பாட்டும் அறிந்திருக்க வேண்டும் என்று படிப்படியாக விளக்குகிறார். காமசூத்திரத்துக்கு யசோதரர் எழுதிய உரையோ ரூபபேதம், பிரமாணம், பாவம், லாவண்யயோஜனம், சாதிருச்யம், வர்ணிகாபங்கம் என ஓவியத்துக்கு ஆறு அங்கங்களை வகுக்கிறது. அவனீந்திரநாதர் இந்த ஷடங்கத்தை விரித்து எழுதினார். குருவிடம் பெற்ற இந்த மரபை நந்தலால் மனப்பாடச் சூத்திரமாக்காமல் நாள்தோறும் செய்யும் பயிற்சியாக மாற்றினார். இரவீந்திரநாத் தாகூரின் நாடகங்களுக்கு அவர் மேடையும் ஆடையணியும் அமைத்தபோது, கலைகள் ஒன்றையொன்று சார்ந்தவை என்ற மார்க்கண்டேயரின் உபதேசம் நடைமுறைக்கு வந்தது.

சாந்திநிகேதனத்தில்

இரவீந்திரநாத் தாகூர் சாந்திநிகேதனத்தில் 1919இல் தொடங்கிய கலாபவனம் என்னும் கலைப்பள்ளியின் பொறுப்பை நந்தலால் 1922இல் ஏற்று, 1951 வரை வகித்தார். மாணவர்கள் அவரை ‘மாஸ்டர்மஷாய்’ (ஆசிரியர் ஐயா) என்றே அழைத்தனர். இயற்கையை உற்றுநோக்கல், மரபைப் பயிலல், சொந்தக் கற்பனை ஆகிய மூன்றும் இசைய வேண்டும் என்பது அவர் கொள்கை. செடி, ஆடு, சந்தால் உழவர் என ஆசிரமத்தைச் சுற்றிக் கண்டவை எல்லாம் பாடமாயின. மாணவர்க்கும் நண்பர்க்கும் அனுப்பும் அஞ்சலட்டைகளில்கூட ஓவியம் இருக்கும்.

ஈரச் சுண்ணச் சாந்தின்மீது வண்ணம் தீட்டி, வழுவழுப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றுவது ஜெய்ப்பூர்ச் சுவரோவிய முறை. அதைக் கற்பிக்க நரசிங்லால் என்னும் ஜெய்ப்பூர்க் கைவினைஞர் வரவழைக்கப்பட்டார். பேராசான் என்று பெயர் பெற்ற பின்னும் நந்தலால் அவரிடம் மாணவர்களோடு சேர்ந்து வேலை கற்றார். பினோத் பிஹாரி முகர்ஜி, ராம்கிங்கர் பைஜ், கே. ஜி. சுப்பிரமணியன் ஆகிய மூவரும் அவரிடம் பயின்றவர்கள். மூவரும் மூன்று வழியில் சென்றார்கள். தம் பாணியை மாணவர்மேல் சுமத்தாத ஆசிரியரின் பெருமைக்கு வேறு சான்று வேண்டியதில்லை.

தொடக்கத்தில் சிவனையும் சதியையும் வரைந்த தூரிகை, வயது ஏற ஏற மரங்களையும் எளிய மக்களையும் மிகுதியாக நாடியது. இதனால் பக்தி குறைந்ததாகக் கொள்ளலாகாது. சீவனே சிவன் என்ற ஸ்ரீராமகிருஷ்ண பரமஹம்சரின் நெறி ஓவியத்தில் விரிந்ததாகவே கொள்ள வேண்டும்.

தேசத்துக்கு

1938 ஹரிபுரா காங்கிரசுக்காக, காந்தியடிகளின் அழைப்பை ஏற்று, உழவர், குயவர், இசைவாணர், தாய்மார் ஆகியோரை மண்சார்ந்த வண்ணங்களில் தட்டிகளாக வரைந்தார். இந்திய அரசியலமைப்பின் கையெழுத்துப் படியை அவரும் மாணவர்களும் அணிசெய்தனர். மொகஞ்சதாரோ காளை முதலான ஓவியங்களோடு நடராசர் செப்புத் திருமேனியும் மாமல்லபுரச் சிற்பமும் அதில் இடம்பெற்றிருப்பது தமிழர்க்குப் பெருமை. 1954இல் பத்மவிபூஷண் விருது அவரை வந்தடைந்தது.

காமார்புகூர் ஆலயம்

காமார்புகூரில் பரமஹம்சர் பிறந்த இடத்தில் 1951இல் திறக்கப்பட்ட ஆலயம் நந்தலால் வடிவமைத்தது. நெல் குத்தும் கொட்டிலில் நிகழ்ந்த திருஅவதாரத்தை நினைவூட்டும் வகையில் உலக்கைப் பொறியும் அடுப்பும் எரியும் விளக்கும் பீடத்தின் முன்புறம் செதுக்கப்பட்டுள்ளன. அரண்மனைச் சின்னம் எதையும் தேடாமல், ஏழைக் குடிலின் தட்டுமுட்டுப் பொருள்களையே இறைவனின் பீடத்தில் ஏற்றியிருக்கிறது அந்தக் கை.

1966 ஏப்ரல் 16 அன்று நந்தலால் மறைந்தார். ஓவியப் பாடவேளையை வேறு பாடத்துக்கு விட்டுக்கொடுக்கும் பள்ளிகள், பிள்ளைகளுக்கு வாரம் ஒரு மணி நேரமேனும் ஓர் இலையை உற்றுப் பார்த்து வரையக் கற்பிக்கட்டும். ஆசான் நந்தலாலுக்குச் செய்யும் குருவணக்கம் அதுவே.