ரப்பர் ஸ்டாம்பும் ஒரு உலக மொழியும்

போன வாரம் பழைய நண்பர் ஒருத்தர் போன் பண்ணினார். முப்பது வருஷத்துக்கு முன்னாடி செங்கல்பட்டில் நாங்க அஞ்சாறு பேர் சேர்ந்து எஸ்பெராண்டோ படிச்சோம். தபால் வழியாத்தான். "உலகத்துக்கெல்லாம் ஒரே பொது மொழி, யாருக்கும் தாய்மொழி இல்லை, அதனால யாருக்கும் தாழ்ச்சி இல்லை" என்ற வாசகத்தில் மயங்கிப் போன வயசு. ஹிந்தியா இங்கிலீஷா என்று வீட்டுக்கு வீடு சண்டை நடந்த ஊர்க்காரனுக்கு, இரண்டும் வேண்டாம் மூணாவது ஒண்ணு இருக்குன்னு சொன்னா மயக்கம் வராதா?

பதினைஞ்சு பாடம் படிச்சிருப்போம். உடனே கமிட்டி போட்டுட்டோம். தலைவர், செயலாளர், பொருளாளர், ரசீது புத்தகம், மினிட்ஸ் நோட்டு, ரப்பர் ஸ்டாம்ப். ஸ்டாம்ப் யார் வீட்டில் இருக்கணும்னு வந்த தகராறில் ஒரே வருஷத்தில் கதை முடிஞ்சது. நாங்க எஸ்பெராண்டோவில் பேசினதைவிட எஸ்பெராண்டோவைப் பத்தி தமிழில் சண்டை போட்டதுதான் அதிகம்.

நண்பர் கேட்டது இதுதான்: "என்னப்பா, நம்ம கமிட்டியை மறுபடி ஆரம்பிச்சா என்ன? ஸ்டாம்ப் இன்னும் என்கிட்டதான் இருக்கு."

யோசிச்சுச் சொல்றேன்னு போனை வெச்சுட்டேன். அந்த யோசனையில் படிச்சதுதான் இந்தப் பதிவு. நம்ம ஸ்டாம்ப் சண்டைக்கு ஒரு பெரிய முன்னோடி இருக்கு. அது நடந்தது ஐரோப்பாவில், 1889ல்.

எஸ்பெராண்டோவுக்கு முன்னாடி வோலாபூக் என்று ஒரு மொழி இருந்தது. தென் ஜெர்மனியில் கான்ஸ்டன்ஸ் ஏரிப் பக்கம் யோஹான் மார்ட்டின் ஷ்லெயர்னு ஒரு கத்தோலிக்கப் பாதிரியார். 1879 மார்ச் மாசத்தில் ஒரு ராத்திரி தூக்கம் வராமப் படுத்திருந்தவருக்கு, உலகப் பொதுமொழி ஒண்ணு செய்யச் சொல்லி கடவுளிடமிருந்து உத்தரவு வந்ததாம். எழுந்து உட்கார்ந்து செய்துட்டார். இங்கிலீஷ் 'வேர்ல்ட்' தேய்ஞ்சு 'வோல்' ஆச்சு. 'ஸ்பீக்' தேய்ஞ்சு 'பூக்' ஆச்சு. இரண்டும் சேர்ந்தா உலக மொழி, வோலாபூக். சீனர்களுக்கு 'ர' வராதுன்னு அந்த எழுத்தையே கூடியமட்டும் ஒதுக்கி வெச்சார். அதனால அமெரிக்கா 'மெலோப்' ஆயிடுச்சு. (அமெரிக்கர்கள் கோவிச்சுக்கிட்டாங்களா தெரியலை.)

சிரிக்காதீங்க. பத்தே வருஷத்தில் அது எங்கே போய் நின்னது தெரியுமா? 1889 வாக்கில் உலகம் பூரா 283 சங்கங்கள், 25 பத்திரிகைகள், 316 பாடப்புத்தகங்கள் இருந்ததா ஒரு கணக்கு. ரயிலும் தந்தியும் உலகத்தைச் சின்னதாக்கிக்கிட்டிருந்த காலம். வியாபாரிக்கும் விஞ்ஞானிக்கும் பொது மொழி தேவைப்பட்டது. அதுக்குமுன் யாரும் இதை இவ்வளவு பெரிசாச் செய்து பார்த்ததில்லை.

1887ல் ம்யூனிக் மாநாட்டில் மொழியைக் கவனிச்சுக்க ஒரு அகாடமி அமைச்சாங்க. வோலாபூக்கில் 'காதெம்'. நம்ம பாஷையில் கமிட்டி. அதுக்கு இயக்குநர் அகுஸ்ட் கெர்க்காஃப்ஸ். நெதர்லாந்தில் பிறந்து பாரிஸில் வாத்தியாரா இருந்தவர். கம்ப்யூட்டர் பாதுகாப்பு படிச்சவங்களுக்கு இந்தப் பேர் தெரிஞ்சிருக்கும். சங்கேத எழுத்து பற்றி 1883ல் இவர் சொன்ன விதி இன்னிக்கும் பாடத்தில் இருக்கு: ஒரு சங்கேத முறை எதிரி கையில் கிடைச்சாலும் கெட்டுப் போகக்கூடாது, சாவி மட்டும் ரகசியமா இருந்தாப் போதும்.

அப்படிச் சொன்ன மனுஷர், மொழியின் சாவி முழுக்க ஒருத்தர் கையிலேயே இருந்த இடத்தில் வந்து மாட்டிக்கிட்டார்.

வோலாபூக் இலக்கணம் ரொம்பச் சிக்கல். ஒரு வினைச்சொல்லுக்கு லட்சக்கணக்கில் வடிவம் வரும்னு கணக்குப் போட்டுக் கேலி செய்தவங்க உண்டு. கெர்க்காஃப்ஸ் அதைச் சுருக்கி எளிமையாக்கணும்னார். ஷ்லெயர் ஒத்துக்கலை. மொழி என் சொத்து, அகாடமி என்ன முடிவு எடுத்தாலும் கடைசி வார்த்தை என்னுதுன்னார். 1889ல் பாரிஸில் மூணாவது மாநாடு. முதல் இரண்டு மாநாடும் ஜெர்மனில் நடந்தது, இது வோலாபூக்கிலேயே நடந்தது. மொழி உண்மையிலேயே ஓடும்னு நிரூபிச்ச மாநாடு அது. அந்தச் சமயம் பார்த்துத்தான் இந்தச் சண்டை முத்தினது. ஷ்லெயருக்கு ரத்து அதிகாரம் தர அகாடமி மறுத்தது. அவர் அகாடமியையே ஏத்துக்கலை. தனக்கு விசுவாசமான வேற அகாடமி ஒண்ணு அமைச்சுக்கிட்டார். 1891ல் கெர்க்காஃப்ஸ் ராஜினாமா.

இதுக்கப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. பழைய அகாடமி சாகலை. 1893ல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கைச் சேர்ந்த ரோஸன்பெர்கர் பொறுப்புக்கு வந்தார். உறுப்பினர்கள் சுற்றறிக்கை அனுப்பி, ஓட்டுப் போட்டு, ஒவ்வொரு சொல்லா மாத்தினாங்க. 1902ல் பார்த்தா வோலாபூக்கில் ஒரு செங்கல்கூட மிச்சமில்லை. 'இடியம் நியூட்ரல்'னு வேற மொழியே வந்திருந்தது. 1908ல் அதே அகாடமிக்கு பெயானோ தலைவரானார். கணிதத்தில் பேர் போன இத்தாலியர். அவர் ஏற்கெனவே விகுதிகளைக் கழிச்ச லத்தீன் ஒண்ணு செய்து வெச்சிருந்தார். அகாடமி அந்தப் பக்கம் சாய்ஞ்சது.

கவனிச்சீங்களா? கமிட்டி கூட்டம் கூடிச்சு, ஓட்டு எடுத்துச்சு, கடிதம் போட்டுச்சு. எந்த மொழிக்காகக் கமிட்டி போட்டாங்களோ அதை மட்டும் காணோம். மக்களும் காத்துக்கிட்டிருக்கலை. நூரெம்பெர்க்கில் 1885ல் ஆரம்பிச்ச வோலாபூக் சங்கம் 1888லேயே எஸ்பெராண்டோவுக்கு மாறிடுச்சு. உலகத்தின் முதல் எஸ்பெராண்டோ சங்கம் அதுதான்.

எஸ்பெராண்டோ மட்டும் ஏன் தப்பிச்சுது? அது சுலபமான மொழிங்கிறது ஒரு காரணம். எனக்கு அதைவிட முக்கியமாப்படறது வேற. 1887ல் வார்சாவில் முதல் புத்தகம் போட்டபோதே கண் டாக்டர் சாமென்ஹாஃப், இந்த மொழி மேல் எனக்கு எந்த உரிமையும் இல்லை, இது பொதுச் சொத்துன்னு அச்சடிச்சுட்டார். சும்மா சொன்னதில்லை. 1894ல் அவரே சில சீர்திருத்தங்கள் எழுதி, பத்திரிகைச் சந்தாதாரர்கள் முன்னாடி ஓட்டுக்கு விட்டார். 264 பேர் ஓட்டுப் போட்டதில் 157 பேர் எதையும் மாத்த வேண்டாம்னாங்க. மொழியைப் படைச்சவரே தோத்தார். சரின்னு விட்டுட்டார். 1905ல் பிரான்ஸின் பூலோன் நகரில் முதல் உலக மாநாடு, 688 பேர். அங்கே அடிப்படை இலக்கணத்தை இனி யாரும் தொடக்கூடாது, ஆனா மொழிக்கு எஜமானும் கிடையாதுன்னு முடிவு செய்தாங்க.

எஜமான் இல்லாத மொழியை எதிரியால் எப்படிக் கொல்ல முடியும்? முயற்சி பண்ணினாங்க. சோவியத் எஸ்பெராண்டோ சங்கத் தலைவர் ட்ரெஸனை 1937ல் சுட்டுக் கொன்னாங்க. ஜெர்மனியில் நாஜிகள் 1936க்குள் இந்தச் சங்கங்களையெல்லாம் மூடினாங்க. சாமென்ஹாஃப் 1917லேயே இறந்துட்டார். ஆனா அவருடைய மூணு பிள்ளைகளில் ஒருத்தர்கூட நாஜிகளிடம் தப்பலை. மகன் ஆடம் 1940ல் சுடப்பட்டார். மகள்கள் ஸோஃபியாவும் லிடியாவும் 1942ல் ட்ரெப்ளிங்காவில் போனாங்க. ஒரு பொது மொழி கனவுக்கு இவ்வளவு விலை.

கமிட்டிகள் அழிஞ்சது. அலுவலகம், முத்திரை, பதிவேடு எல்லாம் போச்சு. ஆனா மொழி தனித்தனி ஆட்கள் மண்டைக்குள்ள இருந்தது. போர் முடிஞ்சதும் ஜெர்மனியில் சங்கங்கள் மறுபடி முளைச்சது. 1954ல் யுனெஸ்கோ மான்டிவிடியோவில் கூடி எஸ்பெராண்டோவுக்கு ஆதரவா ஒரு தீர்மானமே போட்டது.

நம்ம நாட்டிலேயே உதாரணம் இருக்கு. சாந்திநிகேதனைச் சேர்ந்த லக்ஷ்மீஸ்வர் சின்ஹா, மரவேலைக் கைத்தொழில் கல்வி படிக்க 1928ல் ஸ்வீடன் போனார். அங்கே எஸ்பெராண்டோ கத்துக்கிட்டு, அதிலேயே இந்தியாவைப் பற்றி ஊர் ஊராப் பேசினார். பின்னாடி தாகூர் கதைகளை நேரா வங்காளத்திலிருந்து எஸ்பெராண்டோவுக்கு மொழிபெயர்த்தார். 1961ல் புத்தகமா வந்தது. அதே வங்காளத்திலிருந்து மொழியியல் அறிஞர் ப்ரபால் தாஸ்குப்தா 2007 முதல் 2013 வரை உலக எஸ்பெராண்டோ சங்கத்துக்கே தலைவரா இருந்தார். முதலில் வேலை, அப்புறம்தான் நாற்காலி.

தமிழ்லயும் சொல்லலாம். 1916ல் சேலத்தில் ராஜாஜி முதலானவங்க அறிவியல் சொற்களுக்குத் தமிழ் உண்டாக்க 'தமிழ் சாஸ்திர பரிபாஷைச் சங்கம்' ஆரம்பிச்சாங்க. சங்கம் ரொம்ப நாள் நீடிக்கலை. ஆனா தமிழ்ல விஞ்ஞானம் எழுதறது அதோட நிக்கலை, அடுத்தடுத்து வேற ஆட்கள் எடுத்துக்கிட்டாங்க. சங்கம் போனாலும் வேலை பொதுவில் இருந்தா யாராவது குனிஞ்சு எடுத்துக்குவாங்க.

சரி, வோலாபூக் என்ன ஆச்சு? இங்கேதான் கதையில் எனக்குப் பிடிச்ச ஆள் வர்றார்.

ஷ்லெயர் 1912ல் இறந்தார். அவருக்கு அப்புறம் ஆல்பர்ட் ஸ்லாய்மர் தலைவர். பேருக்குத்தான். பேச ஆள் இல்லை. நெதர்லாந்தில் ஆரீ டி யோங்னு ஒரு டாக்டர். அவர் எனக்குப் பதவி கொடுங்கன்னு கேட்கலை. புது அகாடமின்னு போட்டிக்கும் நிக்கலை. ஸ்லாய்மர் சம்மதத்தோட உட்கார்ந்து இலக்கணத்தை எளிமையாக்கினார். ஷ்லெயர் துரத்தின 'ர'வைத் திரும்பக் கூட்டிட்டு வந்தார். 1931ல் இலக்கணமும் அகராதியும் வந்தது. 1932ல் ஒரு சின்னப் பத்திரிகை ஆரம்பிச்சாங்க. அது 1963 வரை வந்தது. நடுவில் உலகப்போர், நாஜி ஆக்கிரமிப்பு எல்லாம் போச்சு. 1889ல் கெர்க்காஃப்ஸ் கேட்டதும் இதேதானே, எளிமை. அன்னிக்குக் கொடுத்திருந்தா? நாற்பது வருஷம் கழிச்சுக் கிடைச்சபோது வாங்கிக்க ஆள் இல்லை.

இருந்தாலும் சங்கிலி அறுந்து போகலை. தலைவர் பொறுப்பு கைமாறிக் கைமாறி 1984ல் இங்கிலாந்தின் ப்ரையன் பிஷப்கிட்ட வந்தது. முப்பது வருஷம் பார்த்துக்கிட்டார். 2014ல் ஜெர்மனியின் ஹெர்மன் பிலிப்ஸ். பேசத் தெரிஞ்சவங்க இருபது முப்பது பேர்தான்னு சொல்வாங்க. ஆனா 2007ல் வோலாபூக் விக்கிபீடியா திடீர்னு 1 லட்சம் கட்டுரையைத் தாண்டிச்சு! தமிழ் விக்கிபீடியா அந்த எண்ணிக்கையைத் தொட்டது 2017ல்தான். என்னடா அதிசயம்னு பார்த்தா, பெரும்பாலும் ஒருத்தர் நிரல் எழுதி ஊர்ப் பேர்களை வெச்சு உண்டாக்கின துணுக்குக் கட்டுரைகள். எண்ணிக்கை இருக்கு, வாசகர் இல்லை. இதுவும் ஒரு வகை ரப்பர் ஸ்டாம்ப்தான்.

டி யோங் செய்ததுக்கும் அதுக்கும் உள்ள வித்தியாசம்தான் நான் நண்பருக்குச் சொல்ல நினைச்சது. இரண்டு பேரும் தனி ஆள்தான். டி யோங்கின் வேலையை எடுத்து வெச்சு இன்னொருத்தர் கத்துக்க முடியும், கடிதம் எழுத முடியும்.

எங்க ஊர் திருக்கழுக்குன்றம். வேதகிரி மலைக்கு உச்சி வேளையில் இரண்டு கழுகு வரும், குருக்கள் பொங்கல் வைப்பார், சாப்பிட்டுட்டுப் போகும். நான் சின்ன வயசில் பார்த்திருக்கேன். இப்போ வர்றதில்லை. வராத கழுகுக்குக் கமிட்டி போட்டு வரவழைக்க முடியுமா? அந்தக் கழுகுகளே நாட்டில் அருகிப் போச்சு. முதலில் கழுகு இருக்கணும். அப்புறம்தான் பொங்கல், கூட்டம், ஊர்ப் பேர் எல்லாம்.

நேத்து நண்பருக்குப் போன் பண்ணினேன். "கமிட்டி வேண்டாம்ப்பா. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் சங்கு தீர்த்தக் கரைக்கு வா. நான் பழைய பாடப்புத்தகத்தை எடுத்துட்டு வர்றேன். முதல் பாடத்திலேருந்து ஆரம்பிப்போம்"னேன்.

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் கேட்டார், "அப்போ ஸ்டாம்ப்?"

"வீட்லயே இருக்கட்டும். பத்தாவது பாடம் முடிஞ்சதும் பார்த்துக்கலாம்."

சிரிச்சார். வர்றேன்னிருக்கார். முப்பது வருஷத்தில் எனக்கு எல்லாம் மறந்து போச்சு. 'சலூட்டோன்'னா வணக்கம், அது மட்டும் ஞாபகம் இருக்கு. ஆரம்பிக்க அது போதும்.

பி.கு: மூணாவது ஆள் யாராச்சும் வர்றதா இருந்தா தாராளமா வரலாம். சந்தா கிடையாது. பொருளாளரும் கிடையாது.