சணப்பு குடித்த மழை

போன வருஷம் வேப்பந்தட்டை பக்கம் எங்க பெரியப்பா கரிசல்காட்டில் சணப்பு விதைக்கச் சொன்னதே நான்தான். ஆடி மழைக்கு விதைத்து, பூக்கும்போது மடக்கி உழுதுவிட்டு மக்காச்சோளம் போடலாம் என்பது யோசனை. சணப்பு ஜோராக வந்தது. உழுத பிறகு மழை இல்லை. தழை மக்கவில்லை, மக்காச்சோளம் பாதிதான் முளைத்தது.

"அதுவும் தண்ணி குடிக்கும்லடா, அதை யாரு ஊத்துறது?" என்றார் பெரியப்பா. அந்தக் கேள்விதான் என்னைப் பழைய கணக்குகளைத் தேட வைத்தது.

1910களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ஆக்ரன் என்ற வறண்ட ஊரில், பிரிக்ஸ், ஷான்ட்ஸ் என்ற இருவர் தொட்டிகளில் பயிர் வளர்த்து, அவை குடித்த தண்ணீரை அளந்தார்கள். ஒரு கிலோ காய்ந்த செடி உருவாக, சோளத்துக்கு 300 லிட்டருக்குச் சற்று மேல் தேவைப்பட்டது. தட்டைப்பயறுக்கு 500க்கு மேல், குதிரைமசாலுக்கு 800க்கு மேல். பயறு இனம் தழைச்சத்தைக் காற்றிலிருந்து எடுத்துக்கொள்ளும். தண்ணீரை அப்படி எடுக்க முடியாதே!

நம்ம காட்டுக்குக் கணக்குப் போடுவோம். ஏக்கருக்கு ஒரு டன் காய்ந்த செடி, கிலோவுக்கு 500 லிட்டர் என்றால் 5 லட்சம் லிட்டர். ஏக்கரில் 1 மி.மீ. மழை என்பது சுமார் 4,000 லிட்டர். ஆக, 125 மி.மீ. மழை. பெரம்பலூரின் வருஷ மழையே சராசரியாக 860 மி.மீ. அளவுதான், அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையை நம்பி இருக்கிறது.

1933-35ல் ஷோலாப்பூர், பீஜப்பூர், ராய்ச்சூர், ரோத்தக், அன்றைய சென்னை மாகாணத்து ஹகரி என ஐந்து இடங்களில் மானாவாரி ஆராய்ச்சி தொடங்கியது. அங்கிருந்து வந்த யோசனைகள் வரப்பு போடு, ஆழ உழு, விதையைக் குறை, களையை எடு என்பவை. எல்லாமே ஈரத்தைக் காப்பாற்றும் வேலை.

நம்ம பெரியவர்களும் ஈரம் பார்த்துத்தான் பயறு போட்டார்கள். துவரையும் மொச்சையும் சோளத்துக்கு ஊடே. கொள்ளு கடைசி மழை ஈரத்தில். கொழிஞ்சி தரிசில் தானாக முளைக்கும், மாடும் கடிக்காது.

அரியலூர் மாவட்டத்தில் புள்ளம்பாடி வாய்க்கால் பாயும் திருமானூர் பக்கம் கதை வேறு. அங்கே நெல்லுக்கு முன்னால் தக்கைப்பூண்டு போட்டு மடக்கி உழுதால், தேங்கும் தண்ணீரே அதை மக்க வைத்துவிடும். அந்த வயலுக்குச் சரியான யோசனையை நான் மேட்டுக்காட்டுக்குக் கொண்டுபோய்விட்டேன்.

இந்த வருஷம் தனியாகச் சணப்பு இல்லை. மக்காச்சோளத்துக்கு ஊடே துவரை. சால் எத்தனைக்கு எத்தனை என்பதைப் பெரியப்பாவே முடிவு பண்ணட்டும்.